ஓரத்தில் நின்று ஆடிய ஃபைனல்

அந்தக் காலத்தில் ஃபுட்பால் ஆட்டம் தொடங்கிவிட்டால் நடுவில் ஆளை மாற்ற முடியாது. அடிபட்டவன் வெளியே போனால் போனதுதான், மற்றவர்கள்தான் சமாளிக்க வேண்டும். அதனால் கால் பிசகியவனைக்கூட வெளியே அனுப்பமாட்டார்கள். மைதானத்தின் ஓரமாக, லெஃப்ட் அவுட் இடத்திலோ ரைட் அவுட் இடத்திலோ நொண்டிக்கொண்டாவது நிற்கச் சொல்வார்கள். எதிராளிக்கு ஒரு தொந்தரவாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் ஏற்கெனவே அடிபட்டுப் படுத்திருந்தவனை, ஓரத்தில் நிற்பதற்கென்றே ரிக்‌ஷா வைத்துக் கூட்டிப்போனது எனக்குத் தெரிந்து என் ஒருவனைத்தான்.

எங்கள் டீம் ராயபுரத்து டீம். துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் காசிமேட்டில் கடலுக்குப் போனவர்களும் சேர்ந்து ஆடினோம். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடும் வேலை. மைதானத்தில் நான் ரைட் ஹாஃப். எங்கள் கேப்டன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். என்னைவிட மூத்தவர், அளந்துதான் பேசுவார். யாருக்கும் பூட்ஸ் கிடையாது. கணுக்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில்தான் ஆடுவோம். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்த ஒருவர், தன் அப்பாவின் நினைவாக ஒரு கோப்பை வைத்துப் போட்டி நடத்தினார். அதில் செமிஃபைனல் வரை வந்து, அதையும் ஒரு கோலில் ஜெயித்தோம்.

அந்த செமிஃபைனலில்தான் என் வலது முட்டி போயிற்று. பந்தை எடுக்கப் போன என்மேல் ஒருவன் பக்கவாட்டில் வந்து விழுந்தான். அவன் எழுந்துவிட்டான், என்னால் எழ முடியவில்லை. மீன் கூடை ஏற்றும் கைவண்டியில் என்னை உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் வழியெல்லாம் கூச்சல். வீட்டு வாசலில் என் மனைவி நிற்பதைப் பார்த்ததும் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள்.

முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள், மஞ்சள் பற்றுப் போட்டாள். அவள் என்னைத் திட்டவில்லை. பற்றுப் போடும்போது சற்று அழுத்திப் போட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரே புளியந்தோப்பு டீம். வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் கேப்டன் வீட்டுக்கு வந்தார். என் முட்டியைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகமே சரியில்லை.

“கோலிக்குக் கை போச்சு” என்றார்.

எங்கள் கோல்கீப்பர் காசிமேட்டுக்காரன், கட்டுமரத்தில் போகிறவன். வலை இழுக்கும்போது கயிறு உருவி அவன் உள்ளங்கை இரண்டிலும் தோல் கிழிந்துவிட்டதாம். பந்தைத் தொட்டாலே ரத்தம் வருகிறதாம்.

“அதுக்கு மேல ஒண்ணு கீது. சென்டர் ஃபார்வர்டுக்கு அம்மை போட்டுகீது. வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்க. நான் தெருவுல நின்னு கேட்டேன். உள்ள இருந்துகினு ‘நான் வந்துடறேன் தலைவரே’ன்னு கொரல் உடறான். அவங்கம்மா போட்ற அதட்டு தெருக்கோடி வரைக்கும் கேக்குது.”

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டி தொடங்கும்போது பெயர் கொடுத்தவர்கள்தான் கடைசி வரை ஆடலாம் என்பது விதி. நாங்கள் கொடுத்ததே பன்னிரண்டு பேர். அம்மை போட்டவனைக் கழித்தால் என்னையும் கை கிழிந்த கோல்கீப்பரையும் சேர்த்துத்தான் பதினொன்று.

“கோலி மேல ஏறி சென்டர் ஃபார்வர்டு ஆடட்டும். கைதான போச்சு, கால் நல்லாத்தான கீது? தெனம் மணல்ல மரம் தள்ற காலு” என்றார் கேப்டன். “லெஃப்ட் பேக் ஒசரமா கீறான். அவன் கோல்ல நிக்கட்டும்.”

“நான்?” என்றேன்.

“நீ லெஃப்ட் அவுட்ல சொம்மா நில்லு. ஓட வோணாம். நீ அங்க நின்னா, அவங்க டீம்ல ஒருத்தன் உன்னப் பாத்துகினு நிக்கணும். அப்ப பத்துக்குப் பத்து. நீ வரலைன்னா பத்துக்குப் பதினொண்ணு.”

இந்தக் கணக்கை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து என் மனைவி வந்தாள்.

“நிக்கறதுக்குத்தானண்ணா கூப்பிடறீங்க?”

“நிக்கறதுக்குத்தாம்மா.”

“ஓடினாருன்னு கேள்விப்பட்டேன், உங்க ரெண்டு பேருக்குமே இந்த வூட்ல சோறு கெடையாது.”

கேப்டன் தலையாட்டினார். மைதானத்தில் ரெஃபரிக்குக்கூட அவர் அவ்வளவு பணிந்து தலையாட்டி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே லைனை ஒட்டிய மைதானம் நிறைந்திருந்தது. முந்தின நாள் தூறிய மழையில் தரை ஈரமாக, மண் வாசனையோடு இருந்தது. கேப்டனும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் தாங்கி என்னை இடப்பக்க ஓரத்தில் கொண்டுவிட்டார்கள். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டுப் போட்ட முட்டியை மடக்காமல், எடையை எல்லாம் இடது காலில் வைத்து நின்றேன்.

கேப்டன் சொன்னபடியே நடந்தது. புளியந்தோப்பு டீமின் ரைட் பேக் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டான். ஒல்லியாக, கறுப்பாக, என் வயதுதான் இருப்பான். விசில் ஊதி ஆட்டம் அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் நின்றோம். கொஞ்ச நேரம் அவன் என் முட்டியையே பார்த்தான்.

“மெய்யாலுமே அடியா மாமு?”

“ஏன், சந்தேகமா கீதா?”

“எங்க கேப்டன் சொன்னாரு, நீ நடிக்கறியாம். கட்டுப் போட்டுகினு வந்து, திடீர்னு ஓடிடுவியாம். ஒன்ன உட்டு நவுரக் கூடாதுன்னு ஆர்டரு.”

“நீ இன்னா நெனைக்கற?”

“நானும் அப்டித்தான் நெனச்சேன். ஆனா ஊனும்போதெல்லாம் பல்லக் கடிக்கற. நடிக்கறவன் அவ்ளோ நேரம் கடிக்கமாட்டான்.”

அதற்குப் பிறகு அவன்மேல் எனக்கு விரோதம் வரவில்லை. ஆட்டம் எங்களைத் தொடாமலே நடந்துகொண்டிருந்தது. பந்து அந்த ஓரத்தில் போகும்போது பேசினோம், இந்தப் பக்கம் திரும்பினால் வாயை மூடிக்கொண்டோம். புளியந்தோப்பில் ஆடு அடிக்கும் தொட்டியில் வேலை செய்வதாகச் சொன்னான். விடியற்காலை போய் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடுமாம், அதனால்தான் பந்தாட நேரம் கிடைக்கிறதாம். வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன வைத்தியம் பார்க்கிறேன் என்றெல்லாம் கேட்டான். மஞ்சள் பற்று என்றேன்.

“பத்து போட்டா வீக்கம்தான் எறங்கும். உள்ள கீறதுக்கு ஆட்டுக்கால் எலும்பு போட்டு சூப்பு வெச்சுக் குடிக்கணும்.”

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கத்தியது. திரும்பிப் பார்த்தால் பந்து எங்கள் கோலுக்குள் கிடந்தது. எங்கள் லெஃப்ட் பேக் உயரமானவன்தான், ஆனால் தாழ்வாக வந்த பந்துக்குக் குனிவதற்குள் அது காலுக்கு நடுவே போய்விட்டது. என் பக்கத்தில் நின்றவன் குதிக்கவில்லை, கை மட்டும் தட்டினான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்திக்கொண்டான்.

ஹாஃப் டைமில் எல்லோரும் நடுவில் கூடி எலுமிச்சைத் துண்டைச் சப்பினார்கள். நடந்து போய்வருவது வேண்டாம் என்று எனக்கு மட்டும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார் கேப்டன்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“இன்னும் கொஞ்ச நேரம். அவன் உன்னாண்டதான் நிக்கறான். அதனாலதான் ஒண்ணோட போச்சு” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நின்றுகொண்டிருப்பதும் ஆட்டம்தான் என்று அப்போதுதான் எனக்கே தோன்றியது.

பக்கம் மாறியதும் என்னைத் தாங்கி எதிர் ஓரத்துக்கு மாற்றினார்கள், என் ஆளும் கூடவே வந்தான். இரண்டாவது பாதியில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் டீம் முன்னேறிப் போகும்போதெல்லாம் இரண்டடி எடுத்து வைப்பான், திரும்பி என்னைப் பார்ப்பான், நிற்பான். அவன் தங்கை புருஷன் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறாராம். இதுவரை ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லையாம்.

“மாமு, ஒரே ஒரு தபா மேல ஏறிட்டு வந்துடட்டா? நீ எங்கயும் போமாட்டியே?”

“நான் எங்க போறது? இங்கதான் கீறேன். போய்ட்டு வா.”

அவன் ஓடினான். நன்றாகத்தான் ஓடினான். பந்து அவனுக்கு வந்தது, எங்கள் ஆள் ஒருவனைத் தாண்டினான். அப்புறம் கேப்டன் குறுக்கே விழுந்து பந்தைப் பறித்தார். பறித்தவர் நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்கத்தில் நான் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. நீளமாக என் பக்கம் அடித்தார்.

பந்து ஈரத்தில் உருண்டு நேராக என் காலடிக்கு வந்தது. நான் ஓட வேண்டியிருக்கவில்லை. வலது காலைத் தரையில் ஊன்றி, இடது காலால் கோல் பக்கம் தூக்கி அடித்தேன். அடித்த கணத்தில் முட்டிக்குள் யாரோ கத்தியைத் திருகியது போல இருந்தது. கீழே விழுந்துவிட்டேன். வானம்தான் தெரிந்தது. பிறகு கூட்டத்தின் சத்தம் கேட்டது. என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எங்கள் கோல்கீப்பர், கிழிந்த இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிப் போய், நெஞ்சால் பந்தை இடித்து உள்ளே தள்ளிவிட்டானாம். பந்தோடு அவனும் கோலுக்குள் போய் விழுந்தானாம்.

நான் தட்டுத்தடுமாறி எழுந்து நிற்கும்போது என் ஆள் மூச்சு வாங்கத் திரும்பி வந்திருந்தான்.

“இங்கதான் கீறேன்னு சொன்ன” என்றான்.

“இங்கதான நின்னேன்.”

அவன் என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தான். அப்புறம் அவனையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவன் கேப்டன் பார்த்துவிட்டார். தூரத்திலிருந்தே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தார். “உன்ன காவலுக்கு நிக்கச் சொன்னா பேச்சு பேசிகினு கீறியா? போ, முன்னால போய் ஓடு” என்று அவனை ஃபார்வர்டில் தள்ளிவிட்டு, வேறொருவனை என் பக்கம் அனுப்பினார். வந்தவன் தடித்த ஆள். கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் மறைந்த பிறகும் அவன் நிழல் என்மேல் விழுந்துகொண்டிருப்பது போலவே இருந்தது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் புளியந்தோப்பு இரண்டாவது கோலைப் போட்டது. போட்டது என் பழைய ஆள்தான். முன்னால் துரத்தப்பட்டவன், அதுவரை தேக்கிவைத்திருந்த ஓட்டத்தையெல்லாம் ஓடி, எங்கள் லெஃப்ட் பேக்கின் கைக்கு எட்டாமல் மூலையில் அடித்தான். கேப்டன் இடுப்பில் கைவைத்து நின்று, பந்து போன பாதையைப் பார்த்தார். “நல்ல அடி” என்று மட்டும் சொன்னார்.

கோப்பையை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பையன்கள் மாலையோடு நின்ற அந்த டீமுக்குக் கை தட்டிவிட்டு, சேறு படிந்த காலோடு தரையிலேயே உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. அழுகிற நிலைமையைத் தாண்டிக் களைத்துப்போயிருந்தோம். கோல்கீப்பர் மட்டும் தான் கோல் போட்டதை வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரிக்‌ஷாவுக்காக நான் வேலியோரம் குந்தியிருந்தபோது என் பழைய ஆள் வந்தான். கழுத்தில் மாலை. தங்கை புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். என் முன்னால் உட்கார்ந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தான். “தண்ணி கோத்துகினு கீது. இனிமே ஊனாத” என்று சொல்லி, வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டான். வழக்கமாக எல்லோரும் கேட்கிற கேள்விதானே என்று நானும் வழி சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியம் வந்து நின்றான். கையில் வாழையிலையில் பொதிந்த ஆட்டுக்கால். என் மனைவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “யாரு இவரு?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஃபைனல்ல என்னப் பாத்துகினு நின்னவரு” என்றேன்.

“நீங்க பாத்துகினு நின்னும் இவரு எப்டி ஓடிப் பந்து அடிச்சாரு?” என்று அவனிடமே கேட்டாள். எங்கள் தெருவில் யாரோ கதையைக் கொஞ்சம் பெரிதாக்கி அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“ஓடலை தங்கச்சி. சத்தியமா நின்ன எடத்துலதான் நின்னாரு. ஓடினது நான்தான்” என்றான் அவன்.

அவள் இலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சூப்பில் மிளகு எவ்வளவு போட வேண்டும் என்று அவன் இங்கிருந்து சொல்ல, அவள் அங்கிருந்து மறுத்துப் பேச, இரண்டு பேருக்கும் நடுவில் நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகும் பல தடவை வந்தான்.

முட்டி நடக்கிற அளவுக்குச் சரியாயிற்று, ஓடுகிற அளவுக்கு ஆகவில்லை. அடுத்த வருஷம் நான் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் ஆனேன். சென்டர் ஃபார்வர்டு முகத்தில் அம்மைத் தழும்புகளோடு திரும்பி வந்தான். ஆனால் கை ஆறின பிறகும் எங்கள் கோல்கீப்பர் கோலில் நிற்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கோல் போட்டவன் இனிமேல் போய் அதைத் தடுத்துக்கொண்டு நிற்பதா என்று கேட்டான். கேப்டன் அவனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் எண்ணூர்ப் பக்கம் போய் வேறொரு கோல்கீப்பரைத் தேடிக் கூட்டிவந்தார்.