பினாங்குக்குப் போன என் மார்க்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்பு மைப்பேனா கிடக்கிறது. முள் தேய்ந்து, மை கட்டிப்போய்விட்டது. மனைவி எத்தனையோ முறை தூக்கிப் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. அதைப் பார்த்தால் என் பழைய தலைமையாசிரியர் நினைவு வரும், இந்த வயதிலும் வயிறு எரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கடலூரில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். ரசாயன ரெக்கார்டு நோட்டுக்குப் பள்ளியே மார்க் போடும். ராத்தூக்கம் கெட்டுப் படம் வரைந்து, ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினேன். என் எண் பதினெட்டு. பதினேழாம் எண்காரன் வருஷ நடுவிலேயே அவன் மாமாவோடு பினாங்குக்குக் கப்பலேறிவிட்டான். ரசாயன வாத்தியார் அவனை விட்டுவிட்டு, மார்க்குகளை மட்டும் வரிசையாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டிலோ அவன் வரி அடிக்கப்படாமல் இருந்தது. தலைமையாசிரியர் மளமளவென்று அப்படியே ஏற்றினார். ஊரிலேயே இல்லாதவனுக்கு என் நாற்பத்தெட்டு. எனக்கு அடுத்தவனுடைய பதினொன்று. கடைசிப் பையனின் கட்டம் காலியாக நின்றதும், உத்தேசமாக இருபத்தைந்து போட்டு மூடிவிட்டார் மனுஷன்!

"சார், அவன் பினாங்குல இருக்கான் சார். அவனுக்கு எதுக்கு சார் என் மார்க்கு?" என்று அழுதேன்.

"பதிவேட்டுல அடிச்சுத் திருத்துனா இன்ஸ்பெக்டர் என்னையில்ல கேப்பாரு? போடா, ஒன் தலையெழுத்து" என்றார். அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு வந்து கும்பிட்டார். அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அந்த முப்பத்தேழு மார்க்கோடு என் சயின்ஸ் குரூப் போயிற்று. டாக்டராக நினைத்தவன், சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் மார்க் எழுதும் குமாஸ்தா ஆனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து அந்தத் தலைமையாசிரியரே வந்தார், மகளோடு. அவளுடைய தாவரவியல் ரெக்கார்டு மார்க் எங்கள் பேரேட்டில் வேறொருத்தி வரியில் ஏறியிருந்தது. திருத்தச் சொல்லிப் பிரின்சிபால் உத்தரவு காலையிலேயே என் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மத்தியான மணி அடிக்கும்வரை அவரை நிற்கவைத்தேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"தம்பி, எம் பொண்ணு வாழ்க்கை தம்பி" என்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான சார்? நான் பதினெட்டாம் நம்பர்."

அவர் முகம் செத்துப்போயிற்று. பேரேட்டைப் பிரித்து, அவர் கண்ணெதிரே சிவப்பில் ஒரு கோடு இழுத்து, சரியான மார்க்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பாத்துக்கிட்டீங்களா சார்? இவ்ளோதான் வேலை."

"என்னப்பா சொல்றாரு இவரு?" என்று மகள் கேட்டாள். நான் சொன்னேன். பினாங்கிலிருந்து அப்பாவின் கும்பிடு வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்தப் பெண் அப்பாவுக்காக நிற்காமல் படியிறங்கிப் போனாள். பாவம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு அந்தக் கோட்டை இழுத்த பேனா இது. இதையா தூக்கிப் போடுவேன்?