கத்திக்காரியின் ஈரல்

கத்தி கட்டையில் இறங்கிய வேகத்தில் எலும்புச் சில்லுகள் பறந்தன. கொழுந்தனின் சுண்டுவிரலுக்கும் கத்திமுனைக்கும் நடுவே ஒரு நூல்தான் இடைவெளி.

“இன்னொரு தடவை என்னைக் குடிகாரின்னு சொன்னே, விரலைப் பொறுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவே!”

“கண்ணாடியில கண்ணைப் பாருங்க அண்ணி! மஞ்சளா கெடக்கு. குடிக்காமலா இப்படி ஆகும்?”

சந்தையில் அவளுக்குக் கத்திக்காரி என்றுதான் பெயர். கணவன் குடித்தே செத்த பிறகு, பத்து வருடமாக இறைச்சிக் கடையை ஒண்டியாக நடத்தினாள். கடை கணவன் வீட்டுச் சொத்து. அவள் படுத்தால் அது பக்கத்தில் கோழி விற்கும் கொழுந்தனிடம் போய்விடும். அந்தக் கடையைவிட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. சாராய வாடை பட்டாலே குமட்டும் அவளுக்கு. அவளைப் போய்க் குடிகாரி என்றான்!

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு வேறு சொன்னாள். “உங்க உடம்பைக் காக்கிற படையே உங்க ஈரலை எதிரின்னு நெனச்சு அடிக்குது. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“அப்ப வீட்டு நாயே வீட்டுக்காரியைக் கடிக்குதுன்னு சொல்லுங்க.”

எட்டு மாதம் மாத்திரை விழுங்கினாள். கண்ணின் மஞ்சள் வெளுத்தது, பசி திரும்பியது. ஆனால் அத்தனை அடி வாங்கிய ஈரலில் தழும்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. “ஊசி குத்திச் சதை எடுக்க வேணாம். விலாவுல கருவியை வெச்சுத் தட்டுவாங்க. ஈரல் விறைச்சிருந்தா நம்பர் ஏறும். மூணு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம வாங்க” என்றாள் டாக்டரம்மா.

சாப்பிடாமல் வா என்றதும் கத்திக்காரி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். பட்டினி எதற்குப் போடுவார்கள் என்று அவளுக்கா தெரியாது? வெட்டப்போகும் ஆட்டுக்கு முதல் நாளே தீனியை நிறுத்துவது அவள் கைதானே! பட்டினியோடு மேசையில் படுத்த எதுவும் எழுந்து நடந்ததை அவள் பார்த்ததில்லை. சோதனைக்குக் கிளம்புமுன் தட்டு நிறையச் சோறு போட்டு, வழித்துச் சாப்பிட்டாள். சோதனை அறைப் பெண் கேட்டபோது, “பச்சைத் தண்ணி படல” என்று சாதித்தாள்.

கூடவே வந்திருந்தான் கொழுந்தன். “மெஷின் பொய் சொல்லாதுல்ல? பாத்துடுவோம்.”

வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கவைத்தார்கள். விலா இடுக்கில் குளிர்ந்த பசை. விரலால் சுண்டியதுபோல் பத்துத் தட்டு, அவ்வளவுதான். தாளில் பதினாலு என்று வந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் பதினாலு சிவப்புக் கட்டத்துக்குள் கிடந்தது. கொழுந்தன் முகம் கறுத்தது. விடுவிடுவென்று வெளியேறினான்.

அவள் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது கடையில் கொக்கிகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. வெட்டுக்கட்டையைத் தெருவில் உருட்டிவிட்டிருந்தான் கொழுந்தன்.

“திருட்டுத்தனமா குடிச்சிருக்கே! ஈரல் கல்லாப் போச்சு! போதும், கடையை மூடு!”

“என் கட்டையை எடுத்து வைடா.”

அவன் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் நாக்கில் கரித்தது. அவள் குனிந்து கத்தியை எடுத்தாள். ஓங்கிய கத்தியை அவன் வெறுங்கையால் பற்ற, உள்ளங்கை பிளந்தது. பிளந்த கையாலேயே அவள் முடியைப் பிடித்து இழுத்தான். இருவரும் எலும்புக் குப்பையில் கட்டிப் புரண்டார்கள். எதிர்க்கடை மீன்காரர் ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையோடு கொட்டிய பிறகுதான் பிரிந்தார்கள்.

“கறி வெட்டச் சொன்னா, ரெண்டு பேரும் உங்களையே கூறு போட்டுக்குறீங்களே!” என்று திட்டினார் அவர்.

மறுநாள் காலை டாக்டரம்மா கிழிந்த உதட்டைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள். “ரத்தத்துல எல்லாம் அடங்கியிருக்கு. இந்த நம்பர் மட்டும் ஒத்துப்போகல. உண்மையைச் சொல்லுங்க, சாப்பிட்டுட்டுத்தானே வந்தீங்க?”

கத்திக்காரி உடைந்தாள். ஆட்டுக் கதையைத் தேம்பித் தேம்பிச் சொன்னாள்.

“அடப்பாவமே! சாப்பிட்டா ஈரலுக்கு ரத்தம் கூடும், விறைப்பும் கூடும். அதுக்குத்தான் பட்டினி. இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“பயத்துல ராத்திரியிலேர்ந்து எதுவும் இறங்கல.”

“அப்ப இப்பவே படுங்க.”

கட்டிலின் கம்பியை நெரித்துப் பிடித்தாள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்த அறைபோல் இருந்தது. பத்தும் முடிந்தன. ஒன்பது.

“தழும்பு இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஈரல் சுருங்கிப்போற கட்டத்துக்கு வரல. மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. வருஷா வருஷம் வந்து தட்டிப் பாக்கணும்.”

வெளியே பெஞ்சில் கொழுந்தன். கையில் பெரிய கட்டு, உள்ளே ஏழு தையல். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“எவ்வளவு அண்ணி?”

“ஒன்பது. நேத்து சாப்பிட்டுட்டு வந்து பொய் சொல்லிட்டேன். குடி இல்லடா, டாக்டரம்மாவையே கேளு.”

அவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். “அண்ணன் ரத்தமா வாந்தி எடுத்தப்போ தூக்கிட்டு ஓடினது இந்தக் கைதான். பாதி வழியிலயே உசுரு போய் உடம்பு கனத்துப்போச்சு அண்ணி. பதினாலுன்னதும்... பயத்துலதான் கடையைப் பிடுங்கிப் போட்டேன். உங்களையும் தூக்க எனக்குத் தெம்பில்ல.”

பளாரென்று ஓர் அறை. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“இதை எட்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா உன் கை பொளந்திருக்குமாடா, பாவி!”

அறைந்த கையாலேயே அவன் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.