அரிசி டிரம்மில் வைத்த வைரம்

உண்ணாமுலை அம்மனுக்கு தீபாராதனை காட்டும்போது நான் முதலில் பார்ப்பது அவள் மூக்கைத்தான். இது பாவமா புண்ணியமா, எனக்குத் தெரியாது. கற்பூர வெளிச்சம் பட்டதும் அந்த மூக்குத்தி பளிச்சென்று ஒரு சிமிட்டு சிமிட்டும் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும். "தாயே, எல்லாரையும் நல்லா வை" என்று கும்பிட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து என் மூக்கில் இருந்தது கண்ணாடிக் கல்தான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் எங்களுக்கு ஒரு சின்ன இட்லிக் கடை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். போன வருஷம் என் மூக்குத்தியின் திருகு தேய்ந்துபோய், சாம்பாரில் விழப் பார்த்தது. அதை மாற்றத்தான் இரண்டு பேரும் டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனோம்.

கடைக்காரர் திருகைத் தேடிக்கொண்டே ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என் முன்னால் வைத்தார். வைரம் என்றார். விலையைச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

"இன்னாங்க, காலைலயே வெளாடறீங்களா?"

"இல்லம்மா, நெஜ வைரம்தான். சூரத்துல மெஷின்ல பண்றாங்க. பூமிக்குள்ள கோடி வருஷம் வேகறது, மெஷின்ல சில வாரத்துல வெந்துடுது. குக்கர்ல சோறு ஆக்கறாப்பலன்னு வச்சுக்கங்க."

"அதுக்காக இவ்ளோ கம்மியா?"

"ஆளாளுக்கு மெஷின் போட்டுட்டாங்க. கல்லு ஜாஸ்தியாச்சு, விலை எறங்கிப்போச்சு. தக்காளி கதைதான். இப்பல்லாம் கல்ல விட, அத புடிச்சிருக்கற தங்கம்தாம்மா விலை."

தங்கம் பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்க, வைரம் படி இறங்கி என் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து நிற்கிறது. இது அம்மன் வேலை இல்லாமல் வேறு யார் வேலை?

கடைக்காரர் நல்ல மனிதர். "ஒண்ணு சொல்லிடறேம்மா. நாளைக்கு விக்க வந்தீங்கன்னா தங்கத்துக்கு அன்னிக்கு ரேட்டு குடுப்பேன். கல்லுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். சேத்து வெக்கறதுக்குன்னா இத வாங்காதீங்க" என்றார்.

"விக்கறதா? நான் போறப்பதான் இத கழட்டணும்" என்றேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "கல்ல வீட்ல வச்சு பாக்காம வாங்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் வைரம் வாங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, வீட்டில் ஏதாவது தப்பாக நடந்தாலோ, கல்லில் தோஷம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர்களும் தெரிந்த முகமாக இருந்தால் கொடுத்தனுப்புவார்கள்.

கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் மண்ணுல கெடைக்கிற கல்லுக்குங்க. இது மண்ணையே பாத்ததில்ல. மெஷின்ல பண்ணதுக்கு இன்னாங்க தோஷம்?"

"என் ஆட்டோ கூடத்தான் மெஷின்ல பண்ணது. எலுமிச்சம்பழம் வெக்காம எடுக்கறனா?"

கடைக்காரர் கல்லை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

கல்லை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் காலையில் கேஸ் தீர்ந்தது.

"பாத்தியா?" என்றார் அவர்.

"அது தீர வேண்டிய நாளுங்க. போன வாரமே சிலிண்டர தூக்கிப் பாத்தேன், காத்தாட்டம் இருந்துச்சு."

கொஞ்ச நேரத்தில் ஒரு குரங்கு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு புளியமரத்தில் ஏறியது. வாழைப்பழம் கொடுத்து வாங்கினோம். சாயங்காலம் கரண்ட் போனது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஒரு பாய் வீட்டம்மா இருக்கிறாள். ஜாக்கெட் தைக்கிறவள், என்னை அண்ணி என்பாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்: "ஏன் அண்ணா, கல்லு வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்ல கரண்டே போனதில்லையா? கரண்டு எங்க வீட்லயும்தான் போச்சு. எங்களுக்கு எந்தக் கல்லுல தோஷம்?"

மறுநாள் காலையில் அவர் கனவு கண்டதாகச் சொன்னார். கெட்ட கனவென்றால் கல் கடைக்குத் திரும்பிவிடும்.

"இன்னா கனவு?"

"என் அக்கா வந்து கடையில இருந்த அத்தினி இட்லியும் சாப்ட்டுட்டாங்க."

"காசு குடுத்தாங்களா?"

அவர் யோசித்தார். "குடுத்தாங்க."

"அப்ப நல்ல கனவு" என்றேன். என் நாத்தனார் காசு கொடுத்தாள் என்றால் அது அண்ணாமலையார் அருள்தான்.

அவருக்கு மனசு சமாதானம் ஆகவில்லை. அரிசி என்றால் லட்சுமி, கல் அந்த லட்சுமியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தோஷம் இருந்தாலும் உடனே தெரிந்துவிடும் என்று ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்லைக் காகிதத்திலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் ஓரமாகப் புதைத்துவிட்டார். அடுத்த நாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும். முந்தின நாள் அரிசியை அளந்து ஊறப் போடுவது எப்போதும் அவர் வேலை. அளந்து போட்டுவிட்டு சவாரிக்குப் போய்விட்டார்.

நான் கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து அரிசியைக் களைந்து, அரித்து, கல் பொறுக்கினேன். இத்தனை வருஷம் பொறுக்கிய கை. அதற்குக் கண் வேண்டாம். கல் தட்டுப்பட்டால் எடுக்கும், எறியும். பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டே எறிந்தேன்.

மத்தியானம் அவர் வந்து டிரம்மைத் துழாவினார்.

"இன்னாங்க தேடறீங்க?"

சொன்னார். நான் கொல்லைக்கு ஓடினேன். "அய்யோ, அத நான் கொல்லைல வீசிட்டேனே!"

அதுவரைக்கும் அந்தக் கல் எப்போது போகும் என்று பார்த்திருந்த மனிதர், மண்ணில் முட்டி போட்டு, "அப்பா அண்ணாமலையாரே, கண்ணுல காட்டிடு, மொட்ட போட்டுக்கறேன்" என்று புலம்பினார். நான் இன்னொரு பக்கம் தவழ்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கோழி அங்கே எதையோ கொத்தி விழுங்கியது.

"அதான்! கோழிதான் முழுங்கிடுச்சு!" அவர் துரத்தினார். கோழி முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவரும் செருப்பில்லாமல் ஓடினார்.

"அண்ணா, கோழிய தொட்டீங்கன்னா நாலு கோழி விலை கேப்பேன். முட்ட வெக்கற கோழி!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டம்மா. "வேணும்னா அறுத்து பிரியாணி ஆக்கிடறேன். தட்டுல கல்லு வந்தா உங்களுக்கு, கறி எனக்கு!"

"நாளைக்கு பௌர்ணமிம்மா, வாய கழுவு!" என்றவர், அப்படியே ஒற்றைக் காலில் நின்றார். "ஆ! முள்ளு!"

குதிகாலைத் தூக்கிக் காட்டினார். அவர் குதிகால் வெடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மலையைச் சுற்றிச் சுற்றி ஏரி மண் மாதிரி வெடித்துக் கிடக்கும். நான் ஊக்கை எடுத்து மெதுவாக நெம்பினேன். முள் இல்லை. அம்மா தாயே, வெயிலில் அப்படி ஒரு மினுக்கு!

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கையைத் தட்டினாள். "அண்ணா, கால்ல வுழுந்து கேக்குது. வச்சுக்கங்க!"

அவர் கல்லை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். "தூக்கிப் போட்டும் போகல" என்றார். ஆட்டோவைக் கிளப்பினார்.

கடையில் கல்லைப் பதித்துக் கொடுக்கக் கொஞ்ச நேரமானது. கடைக்காரரின் மனைவி என் மூக்கில் மாட்டித் திருகினாள். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் காசெடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டார். அப்போது என் மூக்கு குறுகுறுத்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஹச்!"

ஒற்றைத் தும்மல். அதைவிடக் கெட்ட சகுனம் எங்கள் வீட்டில் கிடையாது; இரட்டையாக வந்தால்தான் நல்ல சகுனம். அவர் கை பையிலேயே நின்றது. கடைக்காரர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே விளக்கைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன், மூக்கைச் சுருக்கினேன். "தாயே, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வருதா?" என்றார் அவர் ரகசியமாக.

"வர்றாப்பல இருக்குதுங்க."

கடைக்காரர் எழுந்துபோய் மின்விசிறியைப் பெரிதாக வைத்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பைத் திரித்து என் கையில் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் என் மூக்கையே பார்த்துக்கொண்டு, "வரும், வரும், அவசரப்படாத" என்றார்.

வந்தது. கடையே அதிர்ந்தது.

அவர் காசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.