கெமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் எந்தப் பொருளில் இருக்கும் கீறல் எப்படி வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருப்பது, அதை ஏற்றி வந்த லொறிக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் இழுத்ததால் வந்தது. அலுமாரிக் கண்ணாடியில் இருப்பது மனைவியின் வளையல் பட்டது. என் கைத்தொலைபேசியின் பின்புறத்தில் நீளமாக ஓடுவது, கலகெதர பஸ்ஸின் நெரிசலில் பக்கத்தில் நின்றவரின் குடைக் கம்பி. பொருள் பழசாவதில் எனக்கு வருத்தமில்லை. கவனமில்லாமல் பழசாவதுதான் பொறுக்காது.

மகளுக்கு லெப்டொப் வாங்கிய பிறகு இந்தக் குணம் இன்னும் கூடிவிட்டது. அதைச் சீமெந்துத் தரையில் வைக்கக் கூடாது. சாவிக்கொத்து இருக்கும் பைக்குள் போடக் கூடாது. மூடுவதற்கு முன் உள்ளே பேனாவோ பாண் துணுக்கோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையைத் துடைப்பதற்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் மெல்லிய துணி மட்டும்தான். மூடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நான் கழற்ற விடவில்லை. மகள்தான் ஒருநாள் எனக்குத் தெரியாமல் உரித்துவிட்டாள்.

"பேசாம அதுக்கு ஒரு தொட்டில் கட்டித் தாலாட்டுங்க," என்றாள் மனைவி. "நான் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டீங்க. லெப்டொப்ப மூடுற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு ஓடியாறீங்க."

சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கண்டியில் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் அறிவிக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்வதற்கு ஆட்களைத் தேடியது. முதல் சுற்றில் அவள் தேறிவிட்டாள். இரண்டாவது சுற்றுப் பரீட்சை லெப்டொப் வழியாக நடக்கும். முடியும்வரை கெமரா அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, போன் பக்கத்தில் இருக்கக் கூடாது. தொடங்கும் முன் அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெஷின் ஒப்புக்கொண்டால் கேள்வித்தாள் திறக்கும். மூன்று முறை ஒப்புக்கொள்ளாவிட்டால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. முன்கூட்டியே பதிந்த லெப்டொப்பையும் அதிலேயே இருக்கும் கெமராவையும் தவிர வேறெதையும் பாவிக்க முடியாது. இதையெல்லாம் நான் வரிவரியாக வாசித்து, அச்செடுத்து, அவளுடைய அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்.

பரீட்சை விஜயதசமியன்று காலையில் வந்தது.

சரஸ்வதி பூசைக்கு வருஷா வருஷம் அக்கா மடுல்கெல்லவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடைக்கும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பழகிய கை அவளுடையது. எங்கள் வீட்டிலும் கத்தரிக்கோல், தையல் மெஷின், என் கல்குலேட்டர், சமையலறையின் கேஸ் அடுப்பு என்று ஒன்றையும் விட மாட்டாள். அன்றைக்குப் பொட்டு வாங்காமல் தப்பிப்பது பூனை மட்டும்தான்.

"நாளைக்குப் பரீட்சை. லெப்டொப்பையும் சாமிகிட்ட வைங்க அத்தை," என்று முந்திய நாள் பூசையின்போது மகளே கொண்டுவந்து கொடுத்தாள்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் துவாயை மடித்து விரித்து, அதன்மேல் லெப்டொப்பை வைத்தேன். புத்தகங்களை அதன்மேல் அடுக்கக் கூடாது என்றேன். பிறகு அக்காவிடம் தனியாகச் சொன்னேன்.

"அக்கா, மூடியில மட்டும் பொட்டு வச்சிராதீங்க. சந்தனம் காஞ்சா லேசுல வராது. சுரண்டப் போனா கீறல் விழுந்திரும்."

"சரிடா தம்பி. ஒன் தங்கத்தோட மூடிய நான் தொடல," என்றாள்.

நான் தேங்காய் உரிக்கப் பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எல்லாப் பொருளும் பொட்டோடு இருந்தன. லெப்டொப்பின் மூடி சுத்தமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் காலைப் பூசைவரை யாரும் தொட மாட்டோம். ஆகவே அதை யாரும் திறந்தும் பார்க்கவில்லை.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அக்கா பூசையை முடித்து, பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் லெப்டொப்போடு அறைக்குப் போயிருந்தாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது; அடையாளம் பார்க்கும் பக்கம் அப்போதே திறந்திருந்தது.

"அப்பா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

குரல் சரியில்லை. போனேன். திரையில் அவளுடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில், காலைப் பனிக்குள் நிற்கும் யாரோ ஒருத்தி இருந்தாள். மூக்கும் கண்ணும் எங்கே என்று ஊகிக்கத்தான் முடிந்தது. பின்னால் இருந்த ஜன்னல் வெளிச்சம் பால் கொட்டியது மாதிரிப் பரவிக் கிடந்தது. நான் குனிந்து, திரைக்கு மேலே நடுவில் இருந்த கெமராவைப் பார்த்தேன். அதன் சின்னக் கண்ணாடியில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், மணலைத் தேய்த்தது போல. ஓரத்துப் பிளவில் மட்டும் துளி சிவப்பு மிச்சமிருந்தது.

குங்குமம்.

அக்கா பின்னாலேயே வந்து நின்றாள். கையில் விளக்குத் தேய்க்கும் சொரசொரப்பான பச்சைத் துண்டு. அதில் விபூதி.

"என்னடா? பளபளன்னு தேச்சுத்தானே குடுத்தேன்."

"அத்தை, இதுல எங்க பொட்டு வச்சீங்க?"

"மூடியில வைக்காதன்னு ஒங்கப்பன்தானே சொன்னான். அதான் தெறந்து நெத்தியில வச்சேன். பொட்டு வைக்கிறதுக்குன்னே அங்க வட்டமா எடம் விட்டிருந்திச்சு." அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "காலைல காஞ்சு போயிருந்திச்சு. விளக்குத் தேய்க்கிற மாதிரி ரெண்டு இழுப்பு இழுத்தேன். ஏன், படம் தெரியலயா?"

மகள் பரீட்சைப் பக்கத்தைத் திறந்து அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் சிவப்பு. இன்னும் ஒரு வாய்ப்புத்தான் பாக்கி என்று கீழே எழுதியிருந்தது.

"தொடாத. இனிமே அந்தப் பட்டனத் தொடாத," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

மனைவி கம்பனியின் தொலைபேசி எண்ணை அழைத்துப் பார்த்தாள். அலுவலக நேரத்தில் அழைக்கும்படி மூன்று மொழிகளிலும் ஒரு பதிவுக் குரல் சொன்னது. கண்டியில் லெப்டொப் திருத்தும் கடைகள் திறப்பதற்குள் பரீட்சை பாதி முடிந்திருக்கும். மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

அக்கா பச்சைத் துண்டைப் பின்னால் மறைத்தபடி கதவோரம் நின்றாள்.

"ஏசுறதுன்னா ஏசிரு தம்பி. இப்படி வாய மூடிக்கிட்டு நிக்காத."

ஏசுவதற்கு வாயில் சொற்கள் வந்துவிட்டன. இத்தனை வருஷம் ஒவ்வொரு பொருளையும் துணியில் சுற்றிக் காத்தவன் நான். எல்லாம் நாக்கின் நுனியில் நின்றன. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணி, நீங்க குசினிக்கு வாங்க. பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி போடுவோம்," என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மகள் எழுந்து குளியலறைக்குப் போய்ப் பற்பசையோடு வந்தாள்.

"கீறலுக்கு இதத் தேய்ச்சா போயிரும்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்கப்பா."

"வேணாம்."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"இத்தனூண்டு கண்ணாடிம்மா. தேய்ச்சதாலதான் இந்த நெலம. இன்னும் தேய்ச்சா ஒண்ணுமே மிஞ்சாது. என் கண்ணாடிய ஒனக்குத் தெரியும்தானே?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். போன வருஷம் இடது பக்க வில்லையில் விழுந்த ஒரு மயிரிழைக் கீறலை எடுக்கிறேன் என்று நானும் பற்பசைதான் தேய்த்தேன். கீறல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மங்கிப்போனது. மாற்றச் சோம்பல்பட்டு அதையே போட்டுக்கொண்டு திரிகிறேன்.

அவள் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்பித் தந்தாள். வாங்கும்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது. தினமும் காலையில் குழாயடியில் அதைக் கழுவுகிறேன். ஈரமாக இருக்கும்வரை அந்த மங்கல் இருப்பதே தெரியாது. தண்ணீர் கீறல்களுக்குள் இறங்கி அவற்றை நிரப்பிவிடுகிறது போலும். காய்ந்த பிறகுதான் திரும்ப வரும்.

தண்ணீர் காய்ந்துவிடும். பரீட்சை முடியும்வரை காயாதது வேண்டும்.

குசினிக்குப் போனேன். காலைக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து போயிருந்தது. அது சரிவராது. பக்கத்தில் நல்லெண்ணெய் தெளிவாக இருந்தது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியின் நுனியை அதில் தொட்டு எடுத்தேன். அக்கா அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கக்கூட அவளுக்குப் பயம்.

லெப்டொப்பை முழுதாக அணைத்தேன். கெமராவின் ஓரத்தில் எண்ணெய் உள்ளே இறங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒரு புள்ளி மட்டும் வைத்து, மெல்லிய துணியின் முனையால் பரப்பினேன். மறுபடி இயக்கியபோது திரையில் மகளின் முகம் மழைக்கால பஸ் ஜன்னலுக்கு வெளியே இருப்பது போல் நெளிந்து தெரிந்தது.

"முந்தியே பரவாயில்லப்பா," என்றாள்.

"இரு. கூடிப்போச்சு."

துணியின் காய்ந்த பக்கத்தால், அழுத்தாமல், ஒரே திசையில் ஒற்றி எடுத்தேன். பார்த்தேன். இன்னும் ஒரு தடவை ஒற்றினேன். நெளிவு அடங்கியது. கண் வந்தது. புருவம் வந்தது. மூக்குத்தியின் கல்கூட ஒரு புள்ளியாக மினுங்கியது. முழுத் தெளிவு என்று சொல்ல முடியாது. மேசை விளக்கு வெளிச்சத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினோம்.

"இன்னும் கொஞ்சம் துடைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். போதும். நீங்க கைய எடுங்க."

அவள் அட்டையைத் தூக்கினாள். பட்டனுக்கு மேலே அவள் விரல் அப்படியே நின்றது. பிறகு அழுத்தினாள். நீல வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வட்டம் நின்றபோது பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது.

"வெளிய போங்கப்பா," என்றாள் உடனே, திரையிலிருந்து கண் எடுக்காமல். "நீங்க இருந்தா கெமராவுல தெரியும்."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் கஷ்டமே. எண்ணெய் நடுவில் வழிந்தால்? தூசு ஒட்டினால்? பாதியில் மெஷின் அவளை வேறு ஆள் என்று நினைத்தால்? உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. மனைவி ரேடியோவின் செருகியைக் கழற்றினாள். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். மீன்காரரின் ஹோர்ன் சத்தம் வளைவில் கேட்டபோது, அக்கா செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தாள். என்ன சொன்னாளோ தெரியாது. அவர் மோட்டார் சைக்கிளை அணைத்து, எங்கள் வீட்டைக் கடக்கும்வரை தள்ளிக்கொண்டே போனார்.

திரும்பி வந்து அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கதிரையைக் காட்டினேன். இழுத்தால் சத்தம் வரும் என்று தலையாட்டினாள்.

"மூடியில வைக்காதன்னு நீ சொன்னது எதுக்குன்னு எனக்கு வெளங்கலடா," என்றாள் மெதுவாக. "கீறல் விழும்னு சொன்ன. இது பாக்குற கண்ணுன்னு சொல்லலியே."

உண்மைதான். நான் அவளிடம் மூடியைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தேன்.

அறைக் கதவு திறந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றாக எழுந்தோம். மகளின் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அனுப்பிட்டேன். கடைசி வரைக்கும் இடையில நிக்கல," என்றாள்.

"அப்ப பாஸா?" என்றாள் அக்கா.

"அது ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் அத்தை தெரியும்."

"ரெண்டு கிழமையா? அடி ஆத்தி. அதுவரைக்கும் நான் எப்புடித் தூங்குறது?"

"தூங்காதீங்க. எனக்குக் கேள்வி கஷ்டம். பெயிலாப் போனா அது என்னால. ஒங்க பொட்டால இல்ல."

அக்கா அவளுடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கையில் இன்னும் விபூதி இருந்தது. அது மகளின் முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒட்டியது. நான் துடைக்கத் துணியை எடுத்தேன். மகள் என் கையைத் தட்டிவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போனாள்.