தாத்தா இல்ல, காக்கா

வாளித் தண்ணீரில் தவளையை முக்குவதற்கு முன் அதன் இரண்டு கண்களையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொத்திக்கொள்கிறார் டீச்சர். “சோப்பு எரியும். கொஞ்சம் பொறுத்துக்கோடா.” பச்சைத் துண்டில் தைத்த தவளை அது. கண்கள் பழைய கோட்டிலிருந்து பிடுங்கிய பொத்தான்கள். எரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் அலசி முடிக்கும்வரை விரலை எடுப்பதில்லை. பிழிவதும் இல்லை, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல ஒற்றி எடுத்து, நாற்காலியின் முதுகில் சாய்த்து வைக்கிறார். கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடக் கூடாதா என்றால், “தலைகீழா தொங்கறது யாருக்குத்தான் பிடிக்கும்?” என்று கேட்கிறார்.

தெருவில் அவருக்கு ‘டிவி டீச்சர்’ என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அறுபதைத் தாண்டிய, குள்ளமான பெண்மணி. வலது தோள் இடது தோளைவிடச் சற்றே தூக்கியிருக்கும். மேசைக்கு அடியில் குந்தியபடி ஒரு கையை மட்டும் மேலே நீட்டி, பொம்மையைப் பேசவைத்தே பாதி ஆயுளைக் கழித்ததில் வந்த கோணல் அது. அளவெடுக்கும் தையல்காரர் ஒவ்வொரு முறையும் “நேரா நில்லுங்கம்மா” என்பார். பிறகு அவரே வழிக்கு வந்துவிடுவார்.

வீட்டுக்காரர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியைப் பற்றிக் கேட்டால் சமையலறைக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார். “டீ போடலாம்னு சர்க்கரை டப்பாவத் தொறந்தேன்னு வைங்க, ஒரு டப்பா கண்ணு என்னையே முறைக்கும். இந்தப் பக்கம் மூக்கு. அந்தப் பக்கம் வாலு. சர்க்கரை எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கே தெரியாது.” டீச்சர் அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. “அதான் அலமாரிக்கு மேல இருக்குன்னு நூறு வாட்டி சொல்லியாச்சு” என்கிறார்.

ஆரம்பத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பாடமும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். ஒருநாள் கரும்பலகையில் தவறுதலாக ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டார். அதுவரை கடைசி வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் துள்ளி எழுந்து, “தப்பு! தப்பு!” என்று கத்தின. அன்றிலிருந்து வேண்டுமென்றே ஒரு பிழை விடுவது வழக்கமாயிற்று. டீச்சருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற பெருமையிலேயே பிள்ளைகள் படித்தன. தொலைக்காட்சி நிலையத்தில் குழந்தைகளுக்காக அரைமணி நேரத்தை எப்படியாவது ஒப்பேற்ற ஆள் தேடியபோது இவர் போனார். கையில் ஒரு துண்டுத் தவளை.

தவளைக்குத் தத்து என்று பெயர். தத்துவுக்கு ‘க’ வராது, ‘த’தான் வரும். மரத்தைப் பார்த்து, “அதோ, மேல ஒரு தாத்தா உத்தாந்திருத்து” என்று சொல்லும். உடனே வீட்டுக்கு வீடு பிள்ளைகள் டிவியைப் பார்த்துக் கூவும்: “தாத்தா இல்ல, காக்கா!” தத்து காதைக் குடைந்துகொண்டு, “அதான், தாத்தா” என்று மறுபடியும் சொல்லும். மறுபடியும் கூச்சல். படப்பிடிப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால், எப்போது கத்த வேண்டும் என்பதற்குச் சைகையாக மேசைக்கு அடியிலிருந்து தத்துவையே மேலே தூக்கி ஓர் ஆட்டு ஆட்டுவார் டீச்சர். பேச்சு வராத குழந்தைகளெல்லாம் அந்த வரியில்தான் பேசத் தொடங்கின என்று தாய்மார்கள் சொன்னார்கள். டீச்சரின் முகம் அப்போது யாருக்கும் தெரியாது. அந்த வரி தெரியாதவர் யாருமில்லை.

இப்போது அந்த வரியை யாராவது சொன்னால் டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் உடன் போயிருந்த அன்று, பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞன் அவரை அடையாளம் கண்டு, பாசம் பொங்க, “தாத்தா இல்ல!” என்று குரல் கொடுத்தான். மீதியை அவர் சொல்வார் என்று சிரித்தபடி காத்திருந்தான். டீச்சர் இரண்டடி பின்வாங்கி, வராத பேருந்தைப் பார்த்தார். “பெரிய ஆளாயிட்டா இப்படித்தான்” என்று அவன் நண்பனிடம் முணுமுணுத்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. “தலைக்கனம்னு நெனைச்சுக்கட்டும்” என்றார் டீச்சர். “அது எவ்வளவோ மேல்.”

நடந்தது ஒரு பள்ளி ஆண்டு விழாவில். டீச்சர்தான் சிறப்பு விருந்தினர். கையில் தத்துவை மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வரவேற்புரை சொல்ல ஒலிவாங்கி முன் வந்து நின்றாள். இரட்டைப் பின்னல், புதுக் காலணி. அவளுக்கும் ‘க’ வராது. அவள் சொன்னதை அவள் உச்சரித்தபடியே நான் இங்கே எழுதப் போவதில்லை. டீச்சர் அதற்கு அனுமதிக்கவில்லை. “எழுத்துல போட்டா அத படிச்சிட்டு இன்னொரு தடவ சிரிப்பாங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு தடவ போதும்.”

இரண்டாவது வாக்கியத்திலேயே யாரோ ஒரு பையன் எழுந்து கத்தினான்: “தாத்தா இல்ல!” அரங்கம் முழுக்க, “காக்கா!” என்றது. பெற்றோர் சிரித்தார்கள், ஆசிரியர்கள் சிரித்தார்கள். தனக்குத் தரும் மரியாதை என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தார். “சந்தோசமாத்தாங்க இருந்துச்சு. அதச் சொல்லாம விட்டா நான் மனுசியே இல்ல.” பழகிய கை தானாகவே எழுந்தது. தத்து வாயைப் பிளந்துகொண்டு ஓர் ஆட்டு ஆடியது. இரண்டாம் முறை கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தத்துவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒலிவாங்கியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

விழா முடிந்ததும் தலைமை ஆசிரியையிடம் டீச்சர் விசாரித்தார். அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார்: “அதுவா? ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரு தத்து இருக்குமே டீச்சர். பேச்சு திருத்தமா இல்லாத பிள்ளைங்களுக்கு இங்க அதான் பேரு. பசங்க சும்மா விளையாட்டுக்குச் சொல்றதுதான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

“பேரு வச்சது நான்தானே” என்றார் டீச்சர். தலைமை ஆசிரியைக்குப் புரியவில்லை. அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் அந்தச் சிறுமியின் வீட்டைத் தேடிப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒட்டினாற்போல ஒரு வீடு. தாய் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. டீச்சர் வாசற்படிக்குக் கீழே நின்றபடி மன்னிப்புக் கேட்டார். தாய் முழுதும் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“மன்னிப்பு கேட்டுட்டீங்க, சரி. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க. அவ நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும். நான் என்ன சொல்லி அனுப்பறது? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

“வாத்தியார் வேலைக்கு வந்தப்பறம் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாம நின்னது அன்னிக்குத்தான்” என்கிறார் டீச்சர். கதவுக்குப் பின்னால் புதுக் காலணியின் நுனி தெரிந்தது. அது வெளியே வரவில்லை.

டீச்சர் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய், அந்த வரியை எடுத்துவிடப் போகிறேன் என்றார். தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அந்த ஒரு வரிக்காகத்தான் டீச்சர் ஊரே உக்காந்து பாக்குது. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். தத்துவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற மாதிரி நாலு வாரம் ஓட்டிட்டு, நல்லா பேச வச்சிடலாம். எல்லாரும் கைதட்டுவாங்க.”

“அவன் திருந்தணும்னு இப்ப யாரு சொன்னா?” என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் டீச்சர் முதல்முறையாக மேசைக்கு மேலே வந்தார். பொம்மை இல்லாமல், ஒப்பனை இல்லாமல், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். “நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் கண்ணுங்களா” என்று தொடங்கினார். “ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது நடுவுல கத்தறதுக்கு உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்.” அதன் பிறகு தத்து பழையபடியே பேசியது. புதிதாக வந்த ஓர் ஆமை அது சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்று மட்டும் கேட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வீடுகளில் பிள்ளைகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. “நான் உள்ள பூந்து வாயப் பொத்த முடியுமா?” என்கிறார் டீச்சர். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். பேர்போன மாலை நேரம் பறிபோய், யாரும் பார்க்காத மதிய நேரம் கிடைத்தது. “இத்துனூண்டு விசயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று தெரிந்தவர்களே கேட்டார்கள். விருது தர அழைத்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, “சாப்பிடும்போது பாத்தீங்களா? வலது கைய மடிக்குள்ள வச்சுக்கிட்டு ஸ்பூன இடது கையில புடிக்கிறா. கேட்டா ஒண்ணுமில்லங்கிறா” என்றார்.

சென்ற மாதம் படப்பிடிப்பைப் பார்க்க ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். வரிசையில் நான்காவதாக அந்தச் சிறுமி. ஒரு சாண் வளர்ந்திருந்தாள். டீச்சர் அவளைக் கண்டதும், விளக்கெல்லாம் சரிபார்த்து முடிவதற்கு முன்பே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒளிந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். கண்ணாடி அறையில் இருந்த தயாரிப்பாளர் ஒலிவாங்கியில் அழைத்துக்கொண்டே இருந்தார். டீச்சரின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து அந்தக் குரல் கொசு ரீங்காரமாக வெளியே கசிந்தது.

சிறுமி வரிசையை விட்டு வந்து, மேசைத் துணியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். அவளுடைய ‘க’ இன்னும் வந்திருக்கவில்லை.

“நீங்கதானே அது?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு ஏன் கையத் தூக்குனீங்க?”

“யோசிக்காம தூக்கிட்டேன்” என்றார் டீச்சர். “உன்னையப் பாக்கவே இல்ல. பாத்திருக்கணும்.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு, “எங்க மொட்டைமாடிக்கு ஒரு காக்கா வரும், அதுக்கு ஒரு கால் கிடையாது” என்று சொல்லத் தொடங்கினாள். அந்தப் பறவையின் பெயரை அவள் உச்சரித்ததும் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தினாள்.

“டீச்சர், எல்லாம் ரெடி, எடுக்கலாமா? டீச்சர்?” என்றது ஹெட்போன்.

டீச்சர் அதைக் காதிலிருந்து கழற்றி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார்.