முன்கடை புதுச்சேரி, பின்கட்டு தமிழ்நாடு

1. ஷட்டில் பஸ்

திண்டிவனம் கோர்ட்டில் நான் ஜூனியராகச் சேர்ந்த புதிது. ஒரு காலை, தனலட்சுமி அக்கா மூச்சு வாங்க ஆபீசுக்குள் வந்தார். இரும்பை பக்கம் சொந்தக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருப்பவர். ரிப்பேர் முடிந்து, போர்வெல்லில் இறக்குவதற்காக வைத்திருந்த மோட்டாரை யாரோ தூக்கிப்போய்விட்டார்கள். நம் தமிழ்நாட்டுப் பக்க ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது.

"வக்கீலம்மா, மோட்டாரு கெடைச்சிடுச்சி. ஆனா கைக்கு வரல."

"எங்க இருக்கு?"

"ரோட்டுக்கு அந்தாண்ட, பழைய இரும்பு வாங்குற காயலாங்கடையில. புதுச்சேரி போலீசு புடிச்சி வெச்சிருக்குது. நம்ம ஸ்டேஷன்ல கேட்டா, 'பொருளு அவங்ககிட்ட இருக்குது, அங்க போ'ங்கறாங்க. அங்க போனா, 'கேசு உங்க ஊர்ல, அங்க போ'ங்கறாங்க. நான் இன்னா ஷட்டில் பஸ்ஸா? மல்லாட்டை விழுது எறங்குற நேரம். இந்த வாரம் தண்ணி வுடலன்னா வெறும் செடியத்தான் புடுங்கணும்!"

சீனியர் கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எந்த கோர்ட்டுங்கற ஜூரிஸ்டிக்‌ஷன் கொழப்பம்னா உனக்கு அல்வா ஆச்சே. கெளம்பும்மா, ஜல்தி."

அல்வாதான். அக்காவின் ஸ்கூட்டியிலேயே கிளம்பிவிட்டேன்.

2. எல்லைக்கல் மேல் தராசு

அந்தப் பக்கம் நம் மாவட்டமும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கும். ரோட்டுக்கு இடப்பக்கம் தமிழ்நாடு, வலப்பக்கம் புதுச்சேரி. கொஞ்ச தூரம் போனால் அப்படியே தலைகீழ். இந்தக் காயலாங்கடை ஒரு படி மேலே போய், எல்லை மேலேயே உட்கார்ந்திருந்தது. முன்கடை புதுச்சேரி, பின்கட்டு தமிழ்நாடு. நடுவில் இருந்த எல்லைக்கல்லின் மேல் தராசை வைத்திருந்தார்கள்.

எதிர் டீக்கடைக்காரர் சிரித்தார். "நம்ம போலீசு வந்தா கடைக்காரரு சாமானை முன்னாடி தள்ளிடுவாரு. அவங்க போலீசு வந்தா பின்னாடி இஸ்துக்குவாரு. இந்தத் தபா இஸ்துக்கினு இருக்கச் சொல்லவே புடிச்சிட்டாங்க."

காயலாங்கடைக்காரரின் நம்பிக்கை இந்தப் பக்கத்து நம்பிக்கைதான். ரோட்டைத் தாண்டினால் பாட்டில் விலை மாறுகிறது, பெட்ரோல் விலை மாறுகிறது. சட்டமும் மாறும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரியும் மதுக்கடை விதியும் அந்தந்த அரசின் கையில் இருப்பதால் மாறும். திருட்டுக்கான சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அதோடு, திண்டிவனம் கோர்ட்டுக்கும் புதுச்சேரி கோர்ட்டுக்கும் மேலே இருப்பது ஒரே ஹைகோர்ட்.

3. முன்னாடியா, பின்னாடியா?

மறுநாளே புதுச்சேரி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மோட்டாரை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி மனு போட்டேன். ஃபைல் திண்டிவனத்துக்குப் போய்விட்டால் இங்குள்ள கேஸ் ஆறிவிடும் என்று கணக்குப் போட்ட கடைக்காரர், தானும் ஒரு வக்கீலோடு வந்து நின்றார்.

"மேடம், திருட்டு நடந்தது தமிழ்நாட்டுல. என் கட்சிக்காரர் மோட்டாரை வெச்சிருந்ததும் பின்கட்டுல. அதுவும் தமிழ்நாடு. இந்த கோர்ட்டுக்கு ஜூரிஸ்டிக்‌ஷனே இல்ல. எல்லாத்தையும் திண்டிவனத்துக்கு அனுப்பிடலாம்."

ஃபைல் ஊர் மாறி, மோட்டார் ஊர் மாறி வருவதற்குள் செடி காய்ந்துவிடும். நான் எழுவதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல்:

"யோவ், எங்க ஸ்டேஷன்ல, 'முன்கடையில இருந்திச்சி, அது புதுச்சேரி, நீங்க தொட முடியாது'ன்னு சொன்னியே!"

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் மாஜிஸ்திரேட். பிறகு கடைக்காரரைப் பார்த்தார். "முன்னாடியா, பின்னாடியாங்கறதை விசாரணையில பாத்துக்கலாம். எப்படிப் பாத்தாலும் மோட்டார் உங்க கடையிலதான் இருந்திருக்கு, இல்லையா?"

கோர்ட்டே சிரித்தது. கடைக்காரரின் வக்கீல் மட்டும் கட்சிக்காரரை முறைத்தார்.

"மேடம்," என்றேன், "திருட்டு நடந்த இடத்து கோர்ட்டும் விசாரிக்கலாம், திருட்டுப் பொருளை வாங்கி வெச்சிருந்த இடத்து கோர்ட்டும் விசாரிக்கலாம். போட்டி வந்தா ஹைகோர்ட் தீர்த்துவைக்கும். இன்னைக்கு நான் விசாரணை கேக்கல, மோட்டாரைத்தான் கேக்கறேன். போலீஸ் அதை இந்த கோர்ட்டுக்குத்தான் ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க."

வாங்கிய பில்லைக் காட்டினோம். போலீஸ் தரப்பில் ஆட்சேபணை இல்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, விற்கக் கூடாது, கேட்கும்போது காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பாண்ட் எழுதி வாங்கி ஒப்படைத்தார்கள்.

"அப்ப ரெண்டு ஊருக்கும் சாட்சி சொல்லப் போவணுமா?" என்றார் அக்கா, மோட்டாரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டே.

"அது அப்புறம்க்கா. மொதல்ல தண்ணி."

புதிதாக வரும் ஜூனியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். 'எந்த கோர்ட்?' என்று பிரிவுகளைப் புரட்டும் முன், கட்சிக்காரருக்கு இன்று என்ன வேண்டும், அது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். விசாரிக்கும் அதிகாரம் இரண்டு இடத்தில் இருக்கலாம். பொருள் ஒரு இடத்தில்தான் இருக்கும்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். பேச்சு இல்லை, கொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும்.

"கேக்குதா? சரி, வெச்சிடறேன். மடை திருப்பணும்."