பொடிக்கு ஊற்றாத எண்ணெய்

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே நல்லெண்ணெய் வாசம் அடிக்கும். பெருமாள்சாமி அண்ணனின் செக்குக் கடை அது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு அவர் எண்ணெயும் பழக்கம், அவர் அடிக்கிற பெருமையும் பழக்கம்.

காலையில் அவர் மனைவி சோலையம்மாள் மதினி தட்டில் இட்லிப் பொடியை வைத்து, நடுவில் விரலால் ஒரு குழி பண்ணி நீட்டுவார். அண்ணன் ஒரு கரண்டி எண்ணெயை அந்தக் குழியில் ஊற்றுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு வழக்கம் அதுதான். "எண்ணெய்க்காரரக் கட்டுனதுக்கு இதாவது உண்டே" என்று மதினி சிரிப்பார்.

ஒரே மகள் அன்புக்கரசி பெங்களூரில் டெங்கு வைரஸ் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவளிடம், அப்படி என்னதான் செய்கிறாய் என்று அண்ணன் கேட்டார்.

"வைரசால தனியா பெருக முடியாதுப்பா. நம்ம உடம்புச் செல்லுக்குள்ள போயி, அங்க இருக்குற கொழுப்ப எடுத்துத்தான் பெருகும். அந்தக் கொழுப்பு அதுக்குக் கிடைக்காமப் பண்ண மருந்து இருக்கான்னு பாக்குறோம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எண்ணெய் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடம் இலவசம். "எண்ணெய்க்காரர் மகளே எண்ணெய்க்கு எதிரியாண்ணே?" என்று நான் சீண்டுவேன். அதிலும் அவருக்குப் பெருமைதான்.

ஐப்பசி மழையில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. யார்மேல் பழி போடுவது? தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் எங்கள் தெருவே வளர்த்த கொசு. பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், வயிறு வலித்தால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். காய்ச்சலுக்கு எண்ணெய் ஆகாது என்று ஊரே சொல்லும். அண்ணனுக்கு மகளின் ஆராய்ச்சியும் துணைக்கு இருந்தது. அடுப்படியில் இருந்த எண்ணெய்த் தூக்குச் சட்டியையே கடைக்கு எடுத்து வந்துவிட்டார். மதினிக்கு உப்புக் கஞ்சிதான்.

காய்ச்சல் விட்ட அன்று காலை நான் பார்க்கப் போயிருந்தேன். நாக்கு செத்துப்போச்சு, ரெண்டு இட்லி வைங்க என்றார் மதினி. அண்ணன் இட்லியும் பொடியும் வைத்துக் கொடுத்தார். மதினி விரலால் குழி பண்ணிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வைரசுக்கு நானே தீனி போடுவேனா?"

"துளியூண்டுதான கேக்குறேன்."

"நல்லானதும் கரண்டி கரண்டியா ஊத்துறேன் புள்ள."

வறண்ட பொடி தொண்டையில் இறங்கவில்லை. மதினி தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து என்றார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்புக்கரசி வந்து சேர்ந்ததும் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்ன மாதிரிதான்மா செஞ்சேன். எண்ணெயக் கண்ணுலகூடக் காட்டல. பெறகு எப்படி?"

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "அய்யோ அப்பா, நான் சொன்னது சாப்புடுற எண்ணெய் இல்லப்பா. செல்லுக்குள்ள தானா உண்டாகுற கொழுப்பு. எண்ணெய் குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க ஒரு தப்பும் பண்ணல. நான்தான் வெளங்கச் சொல்லல."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள் பாவம்.

"அப்போ குடுத்திருக்கலாமா?" என்றார் அண்ணன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பதினாறாம் நாள் படையலில் அன்புக்கரசி இலையில் இட்லியும் பொடியும் வைத்தாள். எண்ணெய்த் தூக்கோடு குனிந்த அண்ணன் ஊற்றாமல் அப்படியே நின்றார். பொடியில் குழி இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து தானே விரலால் குழி பண்ணினார். அது ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். எண்ணெய் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.

"போதும்ப்பா" என்று மகள் கையைப் பிடித்தாள்.

"விடு தாயி. கரண்டி கரண்டியா ஊத்துறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.